கண்ணாடிக்கு மாற்று: தொடுவில்லையா, லேசர் கதிரா?



கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் காலை வேளை எப்படியிருக்கும் என்பதை அங்கு வாழ்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ரிங்லெட்டிலும் ஹபுவிலும் சுங்கை பாலாசிலும் மூடுபனி தேயிலைச் செடியின் மட்டத்திற்கு இறங்கி நிற்கும். மூக்குக் கண்ணாடி அணிந்தவர் வீட்டுப் படியை விட்டு இறங்கிய சிறிது நேரத்திலேயே கண்ணாடியில் நீர்த்துளிகள் படிந்துவிடும். துடைத்தால் மீண்டும் படியும். குளிரிலிருந்து தேயிலை ஆலையின் சூடான பகுதிக்குள் நுழைந்தாலோ, கண்ணாடி முழுவதும் ஆவி படர்ந்து, எதிரே நிற்பவர் யார் என்றே தெரியாது.

ஆகவே, மலையில் வாழும் இளைஞர்களுக்குக் கண்ணாடி தொல்லையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. தொல்லை அது ஒன்று மட்டுமன்று. பெண் பார்க்க வரும் நாளில் மகளின் கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொல்லும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. இப்படிப் பல காரணங்களால் கண்ணாடிக்கு மாற்று தேடுகிறவர்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கண்ணின் மேல் பொருத்திக்கொள்ளும் கான்டாக்ட் லென்ஸ். இதனை நாம் தொடுவில்லை என்று அழைப்போம். மற்றொன்று, லேசர் கதிர் கொண்டு செய்யப்படும் கண் அறுவைச் சிகிச்சை. இவ்விரண்டிலும் நன்மை உண்டு. இரண்டிலும் ஆபத்தும் உண்டு. எது யாருக்கு ஏற்றது, எதில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் கண்ணின் அமைப்பைச் சற்றே பார்ப்போம். கண்ணின் கறுப்புப் பகுதிக்கு முன்னால், கடிகாரத்தின் மேல் கண்ணாடி பதித்தாற்போல, ஒளி ஊடுருவும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. மருத்துவர்கள் அதனைக் கார்னியா என்பர். நாம் விழிப்படலம் என்போம். அதன் நடுப்பகுதியின் தடிப்பு அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். வெளியிலிருந்து வரும் ஒளிக்கதிர்களை வளைத்துக் கண்ணுக்குள் செலுத்தும் வேலையில் பெரும்பங்கு இந்தப் படலத்தினுடையதே. கிட்டப்பார்வை உடையவர்களுக்குக் கண்விழி வழக்கத்தைவிட நீண்டிருக்கும். அல்லது விழிப்படலத்தின் வளைவு மிகுந்திருக்கும். ஆதலால் தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே விழுந்து மங்கலாகிவிடுகிறது.

விழிப்படலத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அதில் இரத்தக் குழாய்கள் கிடையா. இருந்தால் ஒளி தடைபடும் அன்றோ? அப்படியானால் அது மூச்சு விடுவது எப்படி? கண்ணீரில் கரைந்து வரும் வெளிக்காற்றிலிருந்தே பெரும்பாலான பிராணவாயுவை அது பெற்றுக்கொள்கிறது. நாம் இனிப் பேசப்போகும் ஆபத்துகளில் பாதியை விளங்கிக்கொள்ள இந்த ஒரு செய்தி போதும்.

கண்ணின் மேல் வில்லையைப் பொருத்தும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. 1880களில் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் கண்ணாடியால் செய்த வில்லையை மனிதக் கண்ணில் பொருத்திப் பார்த்தார். அது கனமானது, சில மணி நேரத்திற்கு மேல் தாங்க முடியாதது. 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த வேதியியலறிஞர் ஓட்டோ விக்டர்லே, சிறுவர் விளையாட்டுப் பொருளான இரும்புத் துண்டுகளைக் கோத்துத் தம் வீட்டிலேயே ஒரு சுழல் கருவி செய்து, நீரை உறிஞ்சி மெத்தென்றாகும் வில்லைகளை வார்த்தெடுத்தார். இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அணியும் மென்வில்லை அந்த வழியில் வந்ததே.

மென்வில்லை நீரை உறிஞ்சும் என்றோம். அதுதான் அதன் நன்மை. அதுவேதான் அதன் ஆபத்தும். கண்ணீரை உறிஞ்சி மென்மையாக இருக்கும் வில்லை, அழுக்கு நீரையும் உறிஞ்சும். மருந்துத் தூறலையும் உறிஞ்சும். கைவிரலில் உள்ள கிருமியையும் ஏற்று வைத்துக்கொள்ளும். வில்லையின் உராய்வால் விழிப்படலத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் ஏற்பட்டிருந்தால் கிருமி அதன் வழியே உள்ளே புகுந்துவிடும். அங்கே உண்டாகும் புண்ணையே விழிப்படலப் புண் என்கிறோம். புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். தழும்பு பார்வையின் நடுவே நின்றால் அது சன்னலில் சுண்ணாம்பு பூசியதற்கு ஒப்பாகும்.

வில்லையோடு உறங்குவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. இமை மூடியிருக்கையில் விழிப்படலத்திற்குக் கிடைக்கும் பிராணவாயு குறைந்துவிடுகிறது. அதன் மேல் வில்லையும் இருந்தால் மூச்சுத் திணறும் படலம் வீங்கி, கிருமியை எதிர்க்கும் ஆற்றலை இழக்கிறது. 1989இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் வெளியான ஓர் ஆய்வு இதனை எண்ணிக்கையால் காட்டிற்று. பகலில் மட்டும் மென்வில்லை அணிந்தவர்களில் ஆண்டுக்குப் பதினாயிரம் பேரில் ஏறத்தாழ 4 பேருக்கு விழிப்படலப் புண் வந்தது. இரவிலும் தொடர்ந்து அணியும் வகை வில்லைகளைப் பயன்படுத்தியவர்களில் ஏறத்தாழ 21 பேருக்கு வந்தது. அதாவது ஐந்து மடங்கு. பிற்காலத்தில் காற்றை அதிகம் விடும் புதுவகை வில்லைகள் வந்தபோதும் உறக்கத்தின் ஆபத்து நீங்கிவிடவில்லை.

புண்ணை உண்டாக்கும் கிருமிகள் மூவகை. சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா ஈரமான இடங்களிலெல்லாம் வாழ்வது. ஓரிரு நாட்களிலேயே விழிப்படலத்தைக் கரைத்துவிடக்கூடியது. இரண்டாவது, பூஞ்சைக் காளான். மூன்றாவது, அகாந்தமீபா என்னும் ஒற்றையணு உயிர். இது குழாய் நீர், குளம், ஆறு, மண் எங்கும் இருப்பது. ஓடு போன்ற உறையொன்றைப் போர்த்திக்கொண்டு, குடிநீரில் கலக்கும் குளோரினுக்கும் தப்பிவிடும். அது கண்ணில் புகுந்தால் வலி பொறுக்க முடியாது. மருத்துவமோ பல மாதங்கள் நீளும். 1980களில் அமெரிக்காவில் உப்பு மாத்திரையை நீரில் கரைத்து வீட்டிலேயே வில்லை கழுவும் நீர் செய்துகொண்ட பலருக்கு இந்த நோய் வந்தது. உப்பு நீர்தானே, என்ன செய்துவிடும் என்று எண்ணுவோர் இதனை நினைவில் வைக்க வேண்டும்.

நமக்கு அண்மையிலேயே நடந்த செய்தி ஒன்றையும் சொல்வோம். 2005 மார்ச் முதல் 2006 மே வரை சிங்கப்பூரில் 66 பேருக்கு ஃபுசேரியம் என்னும் பூஞ்சையால் விழிப்படலப் புண் ஏற்பட்டது. ஒருவர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் தொடுவில்லை அணிந்தவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் ரீனியூ என்ற பெயரில் விற்கப்பட்ட கழுவு திரவங்களைப் பயன்படுத்தியிருந்தனர். அமெரிக்காவிலும் 164 பேருக்கு இந்நோய் உறுதிசெய்யப்பட்டது. 2006 மே மாதம் பாஷ் அண்டு லாம்ப் நிறுவனம் ரீனியூ மாய்ஸ்ச்சர்லாக் திரவத்தை உலகெங்கும் விற்பனையிலிருந்து மீட்டுக்கொண்டது. ஆனால் பழி முழுவதும் புட்டியின் மேல் மட்டும் விழவில்லை. பெட்டியில் நின்ற பழைய திரவத்தைக் கொட்டாமல் அதன் மேலேயே புதியதை ஊற்றும் பழக்கமும் நோய்க்குத் துணை நின்றதென்று ஆய்வாளர் கண்டனர். குழம்பு மிஞ்சினால் சூடாக்கி வைக்கலாம். வில்லைத் திரவம் மிஞ்சினால் கொட்டத்தான் வேண்டும்.

இனி நம் தோட்டச் சூழலுக்கு வருவோம். நகரத்து அலுவலகத்தில் வில்லை அணிபவருக்கும் மலைத் தோட்டத்தில் அணிபவருக்கும் வேறுபாடு பெரிது. மலையோடை நீரையும் தொட்டி நீரையும் பயன்படுத்தும் வீடுகளில், நீர் தெளிவாக ஓடினாலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் உண்டு. கொழுந்து வெட்டும் இயந்திரத்தை இருவர் பிடித்துச் செல்லும்போது இலைத் துணுக்குகள் முகத்தை நோக்கித் தெறிக்கும். காய்கறித் தோட்டங்களிலும் பூந்தோட்டங்களிலும் பூச்சிமருந்துத் தூறல் காற்றில் மிதக்கும். தேயிலை ஆலையிலே நுண்ணிய தூசி பறக்கும். இவை யாவும் வில்லைக்குப் பகையே.

இலையும் குச்சியும் கண்ணில் படுவதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. 1994ஆம் ஆண்டின் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு விழிப்படலப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் மூன்றில் இருவருக்கு ஏதேனும் ஓர் அடி கண்ணில் பட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பூஞ்சையே காரணம். வில்லை அணியாத உழைப்பாளிகளின் நிலையே இதுவானால், வில்லையோடு வயலில் இறங்குவோர் இருமடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டாமா? மருந்து தெளிக்கும் வேலைக்கும் இலை தெறிக்கும் வேலைக்கும் வில்லை வேண்டாம். கண்ணாடியும் அதன் மேல் பாதுகாப்புக் கவசமுமே தக்கவை.

இன்னொரு ஆபத்து கடைத்தெருவில் இருக்கிறது. பாசார் மாலாமிலும் அழகுப் பொருள் கடையிலும் இணையத்திலும் நீல நிற, பச்சை நிற வில்லைகள் மலிவாகக் கிடைக்கின்றன. பவர் இல்லாத அலங்கார வில்லைதானே என்று திருமணத்திற்கும் தீபாவளிக்கும் வாங்கி அணிகிறார்கள். தோழியர் மாற்றி மாற்றியும் அணிகிறார்கள். ஒருவர் கண்ணின் வளைவு மற்றவருக்கு இராது. பொருந்தாத வில்லை படலத்தைக் கீறும். நம் நாட்டில் 1991ஆம் ஆண்டின் ஒளியியல் சட்டம், அதாவது அக்தா ஒப்திக், தகுதியும் பதிவும் பெற்றவர்களே தொடுவில்லையை அளந்து வழங்க வேண்டுமென விதித்திருக்கிறது. அந்தச் சட்டம் நம் கண்ணைக் காக்க வந்ததே தவிர, வியாபாரியை வருத்த வந்ததன்று.

அப்படியானால் தொடுவில்லையே கூடாதா? அப்படி நாம் சொல்லவில்லை. ஒழுங்காக அணிபவர்களுக்கு அது நல்ல துணை. ஒழுங்கு என்பது இதுதான்:

முதலாவது, வில்லையைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவி, தூய துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும்.

இரண்டாவது, வில்லையில் எந்த நீரும் படக் கூடாது. குழாய் நீர், ஓடை நீர், கொதித்து ஆறிய நீர், எச்சில் எல்லாம் விலக்கு. அணிந்தபடி குளிப்பதும் அருவியில் நீந்துவதும் விலக்கு.

மூன்றாவது, கழற்றிய வில்லையை உள்ளங்கையில் வைத்து அதற்குரிய திரவத்தால் தேய்த்து அலச வேண்டும். திரவம் நாள்தோறும் புதிது. பெட்டியை அத்திரவத்தாலேயே கழுவிக் கவிழ்த்து உலர்த்த வேண்டும்; மூன்று மாதத்திற்குள் புதுப் பெட்டி மாற்ற வேண்டும்.

நான்காவது, உறங்குமுன் கழற்றிவிட வேண்டும். பகலில் அரை மணி நேரம் கண்ணயர்ந்தாலும் இதுவே விதி.

ஐந்தாவது, மாதத்திற்கென்று தந்ததை மாதத்தோடு எறிய வேண்டும். காசை மிச்சம் பிடிக்கிறோம் என்று மூன்று மாதம் ஓட்டக் கூடாது. கட்டுப்படியாகுமானால், ஒரு நாள் அணிந்து எறியும் வில்லையில் பெட்டி, திரவம் என்ற தொல்லைகளே இல்லை.

ஆறாவது, வில்லை அணிபவர் வீட்டில் கண்ணாடியும் கட்டாயம் இருக்க வேண்டும். கண்ணாடி இல்லாதவரே, கண் சிவந்த நாளிலும் வேறு வழியின்றி வில்லையை அணிந்து கேட்டைத் தேடிக்கொள்கிறார்.

கண்ணில் வலி, சிவப்பு, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், நீர் வடிதல், பார்வை மங்கல் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் வில்லையை உடனே கழற்றி, அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தாய்ப்பால் விடுவதும், நந்தியாவட்டைச் சாறு பிழிவதும், பக்கத்து வீட்டில் மிஞ்சிய சொட்டு மருந்தை ஊற்றுவதும் வேண்டாம். சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது சிவப்பைத் தணித்து நம்மை ஏமாற்றிவிட்டு, உள்ளே பூஞ்சையை வளரவிடும். தானா ராத்தா மருத்துவமனைக்கு முதலில் செல்லலாம். தேவைப்பட்டால் ஈப்போவின் பெரிய மருத்துவமனையிலுள்ள கண் பிரிவுக்கு அனுப்புவார்கள். மலைச்சாலை நீண்டது, மழைக்காலத்தில் மண்சரிவும் உண்டு. நாளை பார்ப்போம் என்று ஒத்திப்போடுவது நகரத்தாரைவிட மலைவாசிகளுக்கே அதிகம் தீங்கு செய்யும். கழற்றிய வில்லையையும் பெட்டியையும் எறிந்துவிடாமல் உடன் எடுத்துச் செல்லுங்கள். கிருமி எதுவென்று கண்டறிய அவை உதவும். நீர் படக் கூடாதென்ற விதிக்கு விலக்கு ஒன்றே ஒன்று உண்டு. மருந்துத் தூறலோ உரமோ கண்ணில் தெறித்துவிட்டால், கிடைக்கும் தூய நீரை உடனே கால்மணி நேரமாவது கண்ணில் ஓடவிட்டு, கழுவும்போதே வில்லையை நீக்கிவிட்டு, பின் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இனி லேசர் சிகிச்சைக்கு வருவோம். இதன் கதையில் நமக்குப் பெருமை தரும் பகுதி ஒன்றுண்டு. ரங்கசாமி சீனிவாசன் 1929இல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, பின் அமெரிக்கா சென்று முனைவர் பட்டம் பெற்றவர். நியூயார்க் மாநிலத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், எக்சைமர் என்னும் புறஊதா லேசர் கதிர் பிளாஸ்டிக் பொருளைச் சூடேற்றாமல் நுட்பமாகச் செதுக்குவதை அவர் ஆராய்ந்துவந்தார். உயிருடலின் தசையை அது எப்படிச் செதுக்கும் என்ற கேள்வி எழுந்தது. 1981 நவம்பர் 27ஆம் நாள், நன்றித் திருநாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்து அதன்மேல் கதிரைப் பாய்ச்சினார். வேறு லேசர் பட்ட இடம் கருகிற்று. எக்சைமர் பட்ட இடமோ கருகாமல், கத்தியாலும் இயலாத நேர்த்தியோடு வெட்டுப்பட்டிருந்தது. அவரோடு உழைத்தவர்கள் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் என்போர்.

1983இல் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கல் சீனிவாசனோடு சேர்ந்து இதே கதிரை விழிப்படலத்தில் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். 1988இல் அமெரிக்காவில் மார்கரீட் மெக்டொனால்டு என்ற பெண் மருத்துவர், பார்வையுள்ள மனிதக் கண்ணில் இச்சிகிச்சையைச் செய்தார். 1990 அளவில் கிரேக்க நாட்டு மருத்துவர் பல்லிகாரிஸ் லேசிக் முறையை வகுத்தார். சீனிவாசனுக்கும் அவருடைய இரு தோழர்களுக்கும் 2013 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை அணிவித்தார்.

சிகிச்சையின் தத்துவம் எளிது. கண்ணாடியில் நாம் அணியும் வளைவை விழிப்படலத்திலேயே செதுக்கிவிடுகிறார்கள். கதிரின் ஒவ்வொரு துடிப்பும் மைக்ரானில் கால்பங்கு அளவே திசுவை நீக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பழைய முறையான பிஆர்கே சிகிச்சையில் மேல்தோலை நீக்கிவிட்டுக் கதிரைச் செலுத்துவர். தோல் மீண்டும் வளரச் சில நாட்களாகும். அதுவரை வலி இருக்கும். லேசிக் முறையில் படலத்தின் மேற்பகுதியைப் புத்தகத்தின் அட்டைபோல் திறந்து, அடியில் செதுக்கி, மீண்டும் மூடிவிடுவர். வலி குறைவு, மறுநாளே பார்வை தெளியும். ஸ்மைல் என்னும் புதிய முறையில் படலத்தின் உள்ளேயே ஒரு மெல்லிய துண்டை வெட்டி, சிறு துளை வழியே எடுத்துவிடுவர்.

எல்லோருக்கும் இது செய்யலாமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படலத்தின் தடிப்பு 540 மைக்ரான் என்க. திறக்கும் மூடிக்கு 110 போயிற்று. 6 டயாப்டர் பவர் குறைக்க ஏறத்தாழ 72 மைக்ரான் செதுக்க வேண்டும். மீதம் 358. குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டுமென்பது மருத்துவர்களின் பொதுவிதி, ஆகவே கவலையில்லை. இன்னொருவருக்குத் தடிப்பு 480, பவரோ 10 என்றால், மூடிக்கு 110, செதுக்க 120 போக மீதம் சரியாக 250. இவருக்குச் செய்தால் படலம் வலுவிழந்து முன்னே பிதுங்கக்கூடும். பணம் கையில் இருந்தும் மருத்துவர் மறுக்கிறாரே என்று வருந்துவோர் இக்கணக்கை எண்ணிப்பார்க்க வேண்டும். மறுக்கத் தெரிந்த மருத்துவரே நல்ல மருத்துவர்.

பதினெட்டு வயது நிறையாதவர்கள், கடந்த ஓராண்டில் பவர் மாறியவர்கள், கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், விழிப்படலம் கூம்பிவரும் நோயுள்ளவர்கள், கண் மிகவும் வறண்டவர்கள், நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்கள் ஆகியோருக்கு இது ஏற்றதன்று. தொடுவில்லை அணிபவர்கள், மருத்துவர் சொல்லும் நாள்வரை அதை நிறுத்திவிட்டுத்தான் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். இல்லாவிட்டால் அளவு தவறும்.

சிகிச்சைக்குப் பின் சில மாதங்களுக்குக் கண் வறட்சி இருப்பது பொது. இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றலாம். பனியில் மலைச்சாலையில் வண்டி ஓட்டுவோர் இதைக் கருத வேண்டும். தோட்ட வேலை செய்வோர் இன்னொன்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். லேசிக் முறையில் திறந்து மூடிய அந்த மூடி, பல ஆண்டுகள் கழித்தும்கூட, கிளையோ கையோ பலமாக அடித்தால் நகரக்கூடும். அத்தகையோருக்கு மூடியில்லாத முறையையே மருத்துவர் தேர்ந்தெடுக்கலாம். மறுபார்வைக்குப் பலமுறை மலையிறங்க வேண்டியிருக்கும் என்பதையும், சில வாரங்கள் தூசியிலும் நீரிலும் இறங்க முடியாது என்பதையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள்.

நாற்பது வயதைக் கடந்தால் எழுத்துப் படிக்கக் கண்ணாடி எல்லோருக்கும் வரும். லேசர் அதைத் தடுக்காது. கிட்டப்பார்வையால் நீண்ட விழி, சிகிச்சைக்குப் பின்னும் நீண்டதாகவே இருக்கும். ஆதலால் விழித்திரை கிழியும் அபாயம் மறைவதில்லை. கண் பரிசோதனையை நிறுத்திவிடக் கூடாது. சிகிச்சைக்கு முன் எடுத்த அளவுகளின் தாளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். முதுமையில் கண்புரைக்கு வில்லை வைக்கும்போது அந்தத் தாள் பொன்னாகும்.

ஆக, தொடுவில்லையின் ஆபத்து சிறிது. ஆனால் அணியும் ஒவ்வொரு நாளும் அது உடனிருக்கிறது, நம் கையின் தூய்மையைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்கிறது. லேசரின் ஆபத்து பெரும்பாலும் ஒருமுறைதான். ஆனால் செதுக்கிய திசுவைத் திரும்ப வைக்க முடியாது. கண்ணாடிக்கோ இவ்விரு ஆபத்துகளும் இல்லை. பனி படிந்தால் துடைத்துக்கொள்வதே அதற்கு நாம் கொடுக்கும் விலை. கண்ணாடி அணிந்த பெண்ணை வேண்டாமென்று சொல்லும் வீட்டாருக்காக, அவள் பாசார் மாலாமில் வில்லை வாங்கிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்பதைப் பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். கண் நலமாக இருக்கும்போதே எந்த வழி தமக்கு ஏற்றது என்பதைத் தகுதியுள்ளவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் விதிகளை வழுவாமல் கடைப்பிடிப்போம்.